கடலுக்கு ஒரு மூடி

2021-இல் சுகுரோ மனாபேக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவித்தபோது பத்திரிகைகள் எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லின. காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1960களிலேயே கணினியில் போட்டுப் பார்த்த மனிதர். கதையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மனாபேயின் பேர்பெற்ற ஆய்வுகளில் ஒன்று, 1969-இல் வந்தது, இருவர் சேர்ந்து செய்தது. காற்று மண்டலம் மனாபேயுடையது. கடல் கிர்க் பிரையனுடையது. இரண்டையும் ஒன்றோடொன்று பேசவிட்டுக் கணக்கிட்ட முதல் காலநிலை மாடல் அதுதான். பிரையனுடைய கடலைக் கணினிக்குள் கட்டியதில் அவருக்குத் துணையாக இருந்தவர் மைக்கேல் காக்ஸ். நோபல் செய்திகளில் காக்ஸின் பெயர் வர வழியே இல்லை. அவர் இறந்தே 32 வருஷம் ஆகியிருந்தது.

கட்டற்ற மென்பொருள் என்றால் நமக்கு லினக்ஸ் நினைவுக்கு வரும், அல்லது ரிச்சர்ட் ஸ்டால்மனின் தாடி. ஸ்டால்மன் தன் திட்டத்தை அறிவித்தது 1983-இல். 'ஓப்பன் சோர்ஸ்' என்ற சொல் பிறந்தது 1998-இல். கடலைக் கணினியில் கணக்கிடுகிறவர்கள் அதற்கெல்லாம் முன்பே, 1970களிலேயே, எழுதிய நிரலைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை. கொள்கை விளக்கமும் எழுதவில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஏன் கொடுத்தார்கள், கொடுத்ததால் என்ன ஆயிற்று, கொடுத்தும் போதாமல் போன இடம் எது என்பதைச் சொல்ல, அந்த நிரல் பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்க வானிலைத் துறைக்குள் 1955-இல் ஜோசஃப் ஸ்மகோரின்ஸ்கி ஒரு சிறு குழுவை ஆரம்பித்தார். அதுவே பிற்பாடு ஜிஎஃப்டிஎல் என்ற ஆய்வகமாகி, 1968-இல் வாஷிங்டனிலிருந்து பிரின்ஸ்டனுக்குப் போனது. வானிலைக்காரரான ஸ்மகோரின்ஸ்கிக்கு ஒன்று புரிந்திருந்தது: கடல் இல்லாமல் காலநிலையைக் கணக்கிட முடியாது. மனாபேயை ஜப்பானிலிருந்து அழைத்தவர் அவரே. கடலுக்காகப் பிரையனைச் சேர்த்ததும் அவரே.

காற்றைவிடக் கடல் தொல்லை பிடித்தது. காற்றில் ஒரு புயல் சுழற்சி ஆயிரம் கிலோமீட்டர் அகலம் இருக்கும். கடலில் அதற்கு இணையான சுழல்கள் சில பத்து கிலோமீட்டரில் தொடங்குகின்றன; அவ்வளவு பொடிக் கட்டம் போட அன்றைய கணினியில் இடமில்லை. காற்று சில வாரங்களில் பழையதை மறந்துவிடும். ஆழ்கடல் நீர் ஒருமுறை புரண்டு மேலே வர ஆயிரம் ஆண்டு போல ஆகும். போதாக்குறைக்கு, காற்றை அளக்க ஊருக்கு ஊர் பலூன் விட்டார்கள். நடுக்கடலில் யார் விடுவது?

கணக்கிடும் முறையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், மொத்தக் கதையும் அதில்தான் தொங்குகிறது. கடலைப் பெட்டிகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வெப்பநிலை, ஒரு உப்பு அளவு, ஒரு வேகம். அக்கம்பக்கத்துப் பெட்டிகளைப் பார்த்து, அடுத்த கணத்தில் இந்தப் பெட்டியில் என்ன இருக்கும் என்று நியூட்டனின் விதிகளை வைத்துக் கணக்கிட வேண்டும். பிறகு அடுத்த கணம், அதற்கடுத்த கணம். இந்தக் 'கணம்' எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதற்கு ஒரு கறாரான விதி உண்டு. ஒரே எட்டில் எந்த அலையும் ஒரு பெட்டிக்கு மேல் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் எண்கள் வெடித்துச் சிதறும், மாடல் நாசம்.

கடலில் நீரோட்டங்கள் மெதுவானவை, பெரும்பாலும் நொடிக்கு ஒரு மீட்டருக்குள். ஆனால் கடலின் மேற்பரப்பு முழுதாக எழுந்து தாழும் நீண்ட அலை ஒன்று உண்டு. அதன் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 200 மீட்டர், அதாவது மணிக்கு 720 கிலோமீட்டர். பெட்டி 100 கிலோமீட்டர் அகலம் என்றால் ஒரு எட்டு எட்டரை நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. நூறு வருஷக் கடலைக் கணக்கிட அறுபது லட்சம் எட்டுகளுக்கு மேல். 1960களின் கணினியில் இது நடக்கிற காரியமா?

பிரையன் ஒரு வேலை செய்தார். கடலுக்கு மூடி போட்டார். மேற்பரப்பை ஆடாத அசையாத தட்டையான கூரையாக வைத்துக்கொண்டார். தண்ணீர் உள்ளே எப்படி வேண்டுமானாலும் ஓடலாம், ஆனால் மேற்பரப்பு எழவோ தாழவோ கூடாது. அந்த ஜெட் வேக அலைக்கு இடமே இல்லாமல் போயிற்று. எட்டின் நீளத்தை நிமிஷக் கணக்கிலிருந்து மணிக் கணக்குக்கு நீட்ட முடிந்தது. நூறு வருஷக் கடல் கைக்கு எட்டியது. 1969-இல் மனாபேயுடன் செய்த வேலையில் காற்றுக்கு ஏறக்குறைய ஒரு வருஷமும் கடலுக்கு நூறு வருஷமும் ஓட்டினார்கள். கண்டங்களின் உண்மையான வடிவம்கூட அதில் இல்லை, உலகத்தில் மூன்றில் ஒரு துண்டு, பாதி நிலம் பாதி நீர் என்று கோடு கிழித்த பொம்மை உலகம். பிரையன் தன் கடல் முறையை விளக்கி எழுதிய தனிக் கட்டுரையும் அதே 1969-இல் வந்தது.

மூடி போட்டதற்கு ஒரு விலை இருந்தது. அந்த மூடிக்கு அடியில் ஓதம் கிடையாது. கடல் ஏறி வற்றும் கதையே இல்லை. புயல் தள்ளிக்கொண்டு வரும் நீர் இல்லை. சுனாமி இல்லவே இல்லை. அந்த மணிக்கு 720 கிலோமீட்டர் அலைதான் சுனாமி. உலகக் கடலின் நூறாண்டு ஓட்டத்தைப் பிடிக்க, கரையில் நிற்கிற மனிதன் பார்க்கும் கடல் முழுவதையும் விட்டுக்கொடுத்தார் பிரையன். அவர் செய்ய வந்த வேலைக்கு அது சரியான பேரம் என்றே நினைக்கிறேன். விட்டுக்கொடுத்ததை மீட்க வேறு ஆட்கள் வர வேண்டியிருந்தது.

மைக்கேல் காக்ஸ் 1941-இல் பிறந்தவர். 1967-லேயே பிரையனோடு சேர்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார். 1970-இல் அவர் தனியாக எழுதிய கட்டுரை எதைப் பற்றி என்று பார்த்தால் நமக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு. பிரின்ஸ்டன்காரர், வீட்டு வாசலில் அட்லாண்டிக் கிடக்கிறது, ஆனால் அவர் எடுத்துக்கொண்டது இந்தியப் பெருங்கடலை. காரணம் பருவக்காற்று. நம் கரையில் கச்சான் அடித்தால் நீவாடு ஒரு பக்கம், வாடை திரும்பினால் மறுபக்கம் என்று மீன்பிடிக்கப் போகிற எவருக்கும் தெரியும். அதன் மிகப் பெரிய வடிவம் ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கிறது. சோமாலி நீரோட்டம், தென்மேற்குப் பருவத்தில் வடக்கே பாய்ந்து, குளிர்காலத்தில் தெற்கே திரும்புகிறது. உலகத்தில் இவ்வளவு வலுவான ஓட்டம் வருஷா வருஷம் திசையையே மாற்றிக்கொள்வது அங்கேதான். மாடல் சரியா தப்பா என்று சோதிக்க இதைவிட நல்ல பரீட்சை கிடையாது. 1959 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் அப்போதுதான் முடிந்திருந்தது. காக்ஸ் 1970களில் திரும்பத் திரும்ப இந்தச் சோமாலி ஓட்டத்துக்கே வந்தார். 1975-இல் உலகக் கடல் முழுவதற்கும் ஒரு மாடல் வெளியிட்டார்.

இதற்கிடையில் நிரல் பிரின்ஸ்டனை விட்டுக் கிளம்பிவிட்டது. ஆல்பர்ட் செம்ட்னர் 1974-இல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தில் அதே முறையை வைத்து, கடல் தரையின் மேடுபள்ளங்களோடு, வேகமாக ஓடும்படி ஒரு நிரல் எழுதி, அதைத் தொழில்நுட்ப அறிக்கையாகவும் போட்டார். இன்றைக்கும் பழைய ஆட்கள் 'பிரையன்–காக்ஸ்–செம்ட்னர் மாடல்' என்று மூன்று பேரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

1984-இல் காக்ஸ் ஒரு அறிக்கை வெளியிட்டார். ஜிஎஃப்டிஎல் கடல் குழுவின் தொழில்நுட்ப அறிக்கை எண் 1. தலைப்பிலேயே அலங்காரம் கிடையாது, கடலுக்கான முப்பரிமாண மாடல் ஒன்று என்ற அளவில்தான். சுமார் 140 பக்கம். சமன்பாடுகள் என்ன, அவற்றை எப்படிப் பெட்டிகளுக்கு மாற்றியிருக்கிறது, நிரலின் எந்தப் பகுதி எதைச் செய்கிறது, நீங்கள் உங்கள் கடலுக்கு மாற்ற வேண்டுமானால் எங்கே கை வைக்க வேண்டும். ஆய்விதழில் வந்ததல்ல, ஆய்வகத்தின் சொந்த வெளியீடு. விஞ்ஞானியின் பதவி உயர்வுக் கணக்கில் இப்படிப்பட்டவற்றுக்குப் பெரிய மதிப்பு கிடையாது, அன்றும் இன்றும். ஆனால் அடுத்த பத்துப் பதினைந்து வருஷக் கடல் ஆய்வுக் கட்டுரைகளில் எத்தனையோவற்றின் மேற்கோள் பட்டியலில் 'காக்ஸ் 1984' என்று ஒரு வரி நிற்கிறது.

நிரலைக் கொடுப்பது வேறு, விளங்கும்படி கொடுப்பது வேறு. இந்த வித்தியாசம் மென்பொருள் எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். காக்ஸின் நிரல் சைபர் 205 போன்ற வெக்டர் கணினிகளுக்காக இழைத்தது. நினைவகம் போதாமல் கடலைத் துண்டு துண்டாக வட்டிலிருந்து எடுத்துக் கணக்கிட்டுத் திரும்ப வைக்கிற வேலையெல்லாம் அதில் உண்டு. கையேடு இல்லாமல் அந்த ஃபோர்ட்ரானை இன்னொருவர் படித்துப் புரிந்துகொள்வது லேசான காரியம் இல்லை. தன் ஆய்வுக்குச் செலவிட்டிருக்கலாம் என்ற நேரத்தை ஒருவர் முன்பின் தெரியாத ஆட்களுக்காகக் கையேடு எழுதச் செலவிட்டிருக்கிறார். கொடை என்றால் எனக்கு இதுதான்.

தாராளத்துக்குப் பின்னால் சட்டமும் இருந்தது. ஜிஎஃப்டிஎல் மத்திய அரசு ஆய்வகம். அமெரிக்க மத்திய அரசு ஊழியர் பணியில் எழுதியதற்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது, அது பொதுச் சொத்து. பூட்டி வைத்து விற்கலாம் என்ற சபலத்துக்கே இடமில்லை. வரிப்பணத்தில் எழுதியது வரி கட்டாதவனுக்கும் போய்ச் சேர்ந்தது. சோவியத்தோடு பனிப்போர் நடந்த அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

பிரிட்டனில் தென்முனைக் கடலை நுணுக்கமாகக் கணக்கிட்ட 'ஃப்ராம்' திட்டம் காக்ஸின் நிரலை எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் வானிலைத் துறையின் ஹாட்லி மையம் உருவாக்கிய புகழ்பெற்ற ஹாட்சிஎம்3 காலநிலை மாடலின் கடல் பகுதி அதன் வழியில் வந்தது. செம்ட்னர் வழி நிரலை எடுத்து லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கான சில்லுகள் சேர்ந்து ஓடும் கணினிக்கு மாற்றினார்கள். அணுகுண்டு ஆய்வகம் கடலுக்கு வந்த கதை தனிக் கட்டுரைக்கு ஆகும்.

வாங்கினவர்கள் சும்மா இருக்கவில்லை. மூடியை முதலில் கழற்றியதே வாங்கினவர்கள்தான். 1991-இல் பிரிட்டனில் பீட்டர் கில்வர்த், டேவிட் வெப் உள்ளிட்ட நால்வர், பிரையன்–காக்ஸ்–செம்ட்னர் நிரலில் மேற்பரப்பை எழவும் தாழவும் விட்டு ஓட்டும் வழியைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மேற்பரப்பு அலையை மட்டும் தனியாகப் பிரித்து அதற்குச் சிறு எட்டுகள் போடுவது, உள்ளே இருக்கும் கடலுக்குப் பழையபடி நீண்ட எட்டுகள் போடுவது. மூன்று வருஷத்தில் லாஸ் அலமோஸிலிருந்து இன்னொரு வழி வந்தது. இரண்டு வழிகளும் பிற்பாடு பிரின்ஸ்டன் பதிப்புகளுக்குள்ளேயே வந்து சேர்ந்தன. வெளியே போன நிரல் திருத்தத்தோடு வீடு திரும்பியது.

அதைப் பார்க்கக் காக்ஸ் இல்லை. 1989-இல், ஐம்பது வயதைத் தொடாமலேயே இறந்துபோனார். பிரையன் அவரைப் பற்றி 1991-இல் ஒரு நினைவுக் கட்டுரை எழுதினார். அதே சமயத்தில் ஆய்வகத்தில் ரொனால்ட் பகனாவ்ஸ்கி, கீத் டிக்ஸன், ஆண்டனி ரொசாட்டி மூவரும் காக்ஸின் நிரலைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். ஒவ்வொரு பௌதிகச் செயலும் தனித் தனிப் பகுதி, வேண்டுமென்றால் சேர்க்கலாம், வேண்டாமென்றால் நீக்கலாம். மாடுலர் ஓஷன் மாடல் என்று பெயர் வைத்துச் சுருக்கி 'மாம்' என்றார்கள், ஆங்கிலத்தில் அம்மா. காக்ஸின் நினைவுக்கு அதைச் சமர்ப்பித்தார்கள். நிரலை எழுதியவர் போனதும் நிரலும் போய்ச் சேர்வதே வழக்கம். ஆய்வகங்களின் பழைய கணினிகளில் அப்படிச் செத்துப்போன நிரல்கள் எவ்வளவோ. இங்கே கையேடு இருந்தது, பயன்படுத்துகிறவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். அதனால் பிழைத்தது.

அடுத்தடுத்த பதிப்புகளை விரிவாகச் சொல்லப் போவதில்லை. 2004-இல் வந்த மாம் 4 ஸ்டீஃபன் க்ரிஃபிஸ் தலைமையில் எழுதப்பட்டது. அவர் எழுதிய கையேடுகள் நூற்றுக்கணக்கான பக்கம், பாடப் புத்தகம் போலவே படிக்கலாம். அந்தப் பதிப்புதான் நமக்கு வந்து சேர்ந்தது. இந்திய அரசு 2012-இல் பருவமழைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியபோது, பூனாவின் வெப்பமண்டல வானிலை நிறுவனம் அமெரிக்காவின் சிஎஃப்எஸ் என்ற காலநிலை முன்கணிப்பு மாடலை எடுத்து நம் பருவமழைக்காகத் திருத்தத் தொடங்கியது. அதில் கடல் பகுதி மாம் 4. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், கடலின் இன்றைய நிலையைக் கணக்கிட வைத்திருக்கும் அமைப்பிலும் மாம் 4 வழி நிரல் உண்டு. சோமாலி ஓட்டத்தைப் பிடிக்க முடியுமா என்று காக்ஸ் பார்த்துக்கொண்டிருந்ததற்கு நாற்பது வருஷம் கழித்து, ஜூன் மாதம் மழை வருமா வராதா என்ற கேள்விக்கு அவர் வம்சத்து நிரல் ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைய மாம் 6-இல் ஒரு வேடிக்கை. பெயர்தான் தொடர்கிறது, உடம்பு வேறு. ராபர்ட் ஹால்பெர்க் அதே ஆய்வகத்தில் எழுதிவந்த இன்னொரு மாடலின் வழி வந்தது அது. எம்ஐடியின் திறமூலக் கடல் மாடலில் வேலை பார்த்துவிட்டு வந்த அலிஸ்டர் ஆட்க்ராஃப்ட் அதில் சேர்ந்தார். கிட்ஹப்பில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் எழுதப்படுகிறது. மையக் கிளையில் ஒரு மாற்றம் சேர வேண்டுமானால், அதை நம்பியிருக்கும் நிலையங்கள் தங்கள் தங்கள் கணினியில் சோதித்துச் சம்மதம் சொல்ல வேண்டும். பழைய அமைப்பில் ஓட்டினால் பழைய விடை கடைசி பிட் வரை அப்படியே வர வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு கூட்டலின் வரிசையை மாற்றினாலே கணினியில் கடைசி இலக்கம் மாறிவிடும், அந்த மாற்றம் சில மாதங்களில் வேறொரு கடலாகவே ஆகிவிடும். அந்த ஒழுங்கைக் காப்பாற்றுகிறவர்களின் உழைப்பு எந்த ஆய்வுக் கட்டுரையிலும் தெரிவதில்லை.

சரி, கரைக்கு வருவோம். பெரிய கடல்காரர்கள் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே, கரைக்காரர்கள் மூடியே போடாத வழியில் போய்விட்டார்கள். அதுவும் அதே பிரின்ஸ்டனில். ஜார்ஜ் மெல்லரும் ஆலன் ப்ளம்பெர்கும் 1970களின் பிற்பகுதியில் தொடங்கி எழுதிய மாடலின் விளக்கம் 1987-இல் வெளிவந்தது. பெயர் பிரின்ஸ்டன் கடல் மாடல். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து நம்மூரில் வாசித்தால் 'பாம்' என்று ஆகும், விமான நிலையத்தில் சொல்லிவிடாதீர்கள். இதில் ஓதம் உண்டு, மேற்பரப்பு எழும், தாழும். அடுக்குகள் தட்டையாக இல்லாமல் தரையின் ஏற்ற இறக்கத்தைத் தழுவிப் போகும். பத்து மீட்டர் ஆழத்திலும் இருபது அடுக்கு, ஆயிரம் மீட்டரிலும் இருபது அடுக்கு. ஆழம் குறைந்த கண்டத்திட்டுக்கும் கழிமுகத்துக்கும் ஏற்ற வடிவம்.

நீண்ட காலம் முழு மாடலும் ஒரே ஃபோர்ட்ரான் கோப்பாக உலா வந்தது. ஒரே கோப்பு! இன்றைய மென்பொருள் ஆட்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. மேலிருந்து கீழே வரை ஒரு மாணவர் உட்கார்ந்து படித்துவிடலாம். பெரிய ஆய்வகம் இல்லாத நாடுகளிலும் அந்தக் கோப்பு போய் வேலை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தரையைத் தழுவும் அடுக்குகளுக்கு ஒரு வியாதி உண்டு. செங்குத்தான கடலடிச் சரிவில், இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கழிப்பதில் வரும் பிழையே இல்லாத நீரோட்டத்தை உண்டாக்கிவிடும். 1990களில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால் யார் வேண்டுமானாலும் ஒரு கடலடி மலையை வைத்து ஓட்டிப் பார்த்து, இதோ பார் பிழை என்று காட்ட முடிந்தது. மெல்லர் தரப்பு பதில் சொல்ல, எதிர்த்தரப்பு மறுபதில் சொல்ல, கணக்கிடும் முறை தேறியது.

அடுத்த தலைமுறை மாடலான ரோம்ஸ், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலும் லாஸ் ஏஞ்சலஸிலும் வளர்ந்தது. இன்காய்ஸ் நம் கடல்களுக்கான முன்கணிப்பில் இதைப் பயன்படுத்துகிறது. ரோம்ஸ் ஒரு குடும்பமாக நெடுநாள் இருக்கவில்லை. ரட்கர்ஸ் ஒரு கிளை, லாஸ் ஏஞ்சலஸ் ஒரு கிளை, ஃபிரான்ஸில் ஒரு கிளை. ரட்கர்ஸ் தரப்பினர் 2008-இல் மாடலை விவரித்து எழுதிய கட்டுரைக்கு, லாஸ் ஏஞ்சலஸின் அலெக்சாண்டர் ஷெப்பெட்கினும் ஜேம்ஸ் மெக்வில்லியம்ஸும் அடுத்த ஆண்டே, அதே இதழில், திருத்தமும் விமர்சனமும் என்று தனிக் கட்டுரை போட்டார்கள். பங்காளிச் சண்டை ஆய்விதழ் மொழியில் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் தேடிப் படிக்கலாம். பகிர்ந்துகொள்வது என்றாலே எல்லோரும் கைகோத்துப் பாடுவது என்று ஒரு பிம்பம் இருக்கிறதே, அது இங்கே பொருந்தாது.

மூடி போட்ட கடலில் தொலைந்துபோன அந்த அலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஜப்பானியர்கள். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. செண்டாயில் உள்ள தொஹோகு பல்கலைக்கழகத்தில் நொபுவோ ஷூதோவும் ஃபுமிஹிகோ இமாமுராவும் சேர்ந்து உருவாக்கிய சுனாமி நிரல்களுக்கு 'துனாமி' என்று பெயர். 1990களில், உலகப் புவி இயற்பியலாளர் ஒன்றியத்தின் ஆதரவிலும் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் ஆதரவிலும் 'டைம்' என்ற திட்டம் நடந்தது. சுனாமி வரக்கூடிய நாடுகளின் ஆய்வாளர்களுக்கு நிரலைக் கொடுத்து, பயிற்சியும் கொடுத்து, அவரவர் கரைக்கு வெள்ள வரைபடம் போட வைப்பது. 1997-இல் யுனெஸ்கோ அதன் கையேட்டை வெளியிட்டது, வரிசை எண் 35. காக்ஸின் அறிக்கையின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். முதல் பாதி சமன்பாடும் முறையும். பின்பாதி நிரலே, ஃபோர்ட்ரான் வரிகளாக அச்சில். யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்து ஓட்டிக்கொள்ளலாம்.

1997. ஏழு வருஷம் இருந்தது.

2004 டிசம்பர் 26 காலை இந்திய நேரம் 6.29-க்குச் சுமத்ரா அருகே கடலடி பிளந்தது. நாகப்பட்டினத்துக்கும் முல்லைத்தீவுக்கும் அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கணக்கிடத் தேவையான சமன்பாடுகள் இருந்தன, நிரல் இருந்தது, கையேடு இருந்தது, எல்லாமே இலவசம். இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு எச்சரிக்கை அமைப்பு மட்டும் இல்லை. பசிபிக்குக்கு 1949-லிருந்தே இருந்தது. இதற்கு யாரைக் குறை சொல்வது என்பதில் நான் இறங்கவில்லை. ஆனால் நிரலைத் திறந்து வைத்தாலே அறிவு தானாகப் பரவிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஏழு வருஷத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நிரலை எடுத்து ஓட்ட ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும், விடை வந்தால் அதை எடுத்துக்கொண்டு கரைக்குச் சொல்ல ஒரு தொலைபேசி எண் வேண்டும்.

2007 அக்டோபரில் இன்காய்ஸில் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. அதற்குள் இருந்த நிரல் துனாமி என்2. நிலநடுக்கம் வந்தபிறகு கணக்குப் போட நேரம் போதாது என்பதால், அந்தமான்–சுமத்ரா விளிம்பிலும் மக்ரான் பக்கமும் எங்கெங்கே எவ்வளவு பெரிதாக வரலாமோ அத்தனையையும் முன்கூட்டியே ஓட்டி விடைகளைச் சேர்த்துவைத்தார்கள். நடுக்கம் வந்ததும் அதற்கு நெருக்கமான விடையை எடுத்துப் பார்ப்பது.

நிரல் கிடைத்தாலும் அதற்கு ஊட்ட வேண்டிய ஒன்று இருக்கிறது: கடலின் ஆழம். சுனாமியின் வேகம் முழுக்க ஆழத்தைப் பொறுத்தது என்று முன்னால் பார்த்தோம். 20 மீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு 14 மீட்டர் போகும். அதையே 50 மீட்டர் என்று தப்பாகப் போட்டுவிட்டால் 22. உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைத்த ஆழத் தொகுப்புகளான இடோபோ5, இடோபோ2 இரண்டும் நடுக்கடலுக்குப் பரவாயில்லை, கரையோர ஆழமற்ற பகுதியில் நம்ப முடியாதவை. கரையோர ஆழத்தைத் துல்லியமாக அளந்து வைத்திருப்பவை எங்கேயும் கடற்படையும் அதன் நீர்வரைவியல் அலுவலகமும்தான், அவை பொத்திப் பொத்தித்தான் கொடுக்கும்.

கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நீர்வரைவியல் அலுவலகம் கப்பல்களுக்காக அச்சிட்டு விற்கிற வரைபடங்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஆழக் கோடுகளும் எண்களும் அச்சிலேயே இருக்கும். அவற்றை எடுத்து எண்களாக மாற்றி, 200 மீட்டருக்குக் குறைந்த ஆழப் பகுதிகளில் இடோபோ தொகுப்பைத் திருத்தி, 2007-இல் கட்டுரையாக வெளியிட்டுத் தொகுப்பையும் பொதுவில் வைத்தார்கள். திருத்தம் பலன் தருகிறதா என்று காட்ட ஓதத்தையும் 2004 சுனாமியையும் மாடலில் ஓட்டிப் பார்த்தார்கள். புதுச் சமன்பாடு எதுவும் இல்லாத, கண் வலிக்கும் வேலை. இந்தியப் பெருங்கடலின் கரையோரத்தைக் கணக்கிட வருகிறவர்கள் பலர் இன்றைக்கும் அந்தத் தொகுப்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். இந்த வரலாற்றில் நம் பக்கத்திலிருந்து போன கொடைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கரையோர மாடல்களில் எல்லாமே திறந்தவை இல்லை. துறைமுகம், அலைத்தடுப்பு, மணல் அரிப்பு என்று காசு புழங்கும் இடத்தில் கட்டண மென்பொருள்களே பல காலம் கோலோச்சின. டென்மார்க்கின் மைக் வகை மென்பொருள்கள் இன்றும் அப்படித்தான், இந்தியாவில் துறைமுகங்களுக்கான ஆய்வறிக்கைகளில் அவற்றின் பெயரை அடிக்கடி பார்க்கலாம். நெதர்லாந்தின் டெல்டாரெஸ் நிறுவனம் விற்றுக்கொண்டிருந்த டெல்ஃப்ட்3டி-யின் முக்கியப் பகுதிகளை மட்டும் 2011 ஜனவரியில் மூல நிரலோடு திறந்துவிட்டது. நீரோட்டம், அலை, மணல் நகர்வு மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் நிரல் அது. ஆறும் கடலும் சேரும் இடத்தில் மண்ணை மீட்டு வாழ்கிற நாடு, தன் கணக்கை ஊரார் கையில் கொடுத்தது.

நம் கரையில் ஒரு ஊரில் தூண்டில் வளைவு போட்டால் அந்த ஊர் மணல் தங்கும், அடுத்த ஊர் மணல் போகும். அடுத்த ஊர்க்காரர்கள் தங்களுக்கும் தூண்டில் வளைவு கேட்டுச் சாலையில் உட்காருவார்கள். கட்டியவர்கள் கையில் ஒரு அறிக்கை இருக்கும், அதில் வண்ண வண்ணமாக மாடல் படங்கள் இருக்கும். அந்த மாடலை வேறொருவர், ஒரு கல்லூரி ஆசிரியரோ ஊர்ப் பொறியாளரோ, வாங்கி ஓட்டிப் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. டெல்ஃப்ட்3டி திறந்தபிறகு நிரலுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைத் திரும்பப் போட, எந்தக் கட்டம் போட்டார்கள், எந்த வருஷத்து ஆழம், எந்த மாதத்து அலை, மணல் பரல் எவ்வளவு பெரிது என்று சொல்லும் உள்ளீட்டுக் கோப்புகளும் வேண்டும். சின்னச் சின்ன எழுத்துக் கோப்புகள்தான், எல்லாம் சேர்ந்து ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும்.